கடம்பூர் என்று சொல்லக் கற்ற கணினி

'கடம்பூர்' என்ற பெயரில் ஐந்து எழுத்துகள். அவற்றில் மூன்று வல்லினம். முதலில் நிற்கும் 'க' அழுத்தமாக விழுகிறது. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே அகப்பட்ட 'ட' குழைந்துவிடுகிறது. 'ம்' என்ற மெல்லினத்தை ஒட்டி வரும் 'பூ', பூக்கடையில் கேட்கும் 'பூ' அல்ல, அதைவிட மென்மையானது. மூன்றும் மூன்று விதமாக ஒலிக்க வேண்டும் என்பதற்கு எழுத்தில் எந்த அடையாளமும் கிடையாது. கரிசல் காட்டில் பிறந்த பிள்ளை அதைக் காதால் கற்றுக்கொள்கிறது. கணினிக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த பிறகுதான், பார்வையில்லாத ஒருவர் இன்னொருவர் துணையின்றி இணையத்தில் தன் ஊர்ச் செய்தியைக் கேட்க முடிந்தது.

எந்த உலாவி நல்லது என்று பார்வையுள்ளவர்கள் கேட்டால் அது வேகத்தையும் தோற்றத்தையும் பற்றிய கேள்வி. திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருளான திரை வாசிப்பானை நம்பிப் படிப்பவர் கேட்டால், இன்றைய பேப்பரைப் படிக்க முடியுமா முடியாதா என்பதே கேள்வி. தமிழில் படிப்பவருக்கு அதில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. கணினிக்குள் தமிழ் எழுத்தை எப்படிச் சேமிப்பது என்பதில் தமிழர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லாமல் பல ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளில் எந்த உலாவியைத் தேர்ந்தெடுத்தாலும் பார்வையற்றவர் காதில் விழுந்தது தமிழாக இல்லை.

கோவில்பட்டிக்குத் தெற்கே, மணியாச்சிக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டிய ஊர் கடம்பூர். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. கடம்பூர் போளியைத் தெரியாதவர்கள் அந்த வழியில் குறைவு. சுற்றிலும் மானாவாரி நிலம். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி. மழை பொய்த்த வருசங்களில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வேலை சோறு போட்டது. படித்தவர்கள் வெளியூர் போனார்கள். அவர்களிடமிருந்து கடுதாசி வந்தது.

வந்த கடுதாசியை யார் வாசிப்பது? இந்த ஊர்களில் வாசிப்பு நெடுங்காலம் கேட்கும் காரியமாகத்தான் இருந்தது. தபால்காரர் உறையைக் கிழித்து முற்றத்தில் நின்றபடியே படித்துச் சொல்வார். பள்ளிக்கூடம் போகும் பேரன் படிப்பான். டீக்கடையில் ஒருவர் பேப்பரை விரித்து உரக்கப் படிக்க, பெஞ்சில் இருக்கும் நாலைந்து பேர் கேட்பார்கள். சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் எட்டுகிற எளிய தமிழில் வந்ததால் இந்தப் பழக்கம் இன்னும் பரவியது. அந்தப் பெஞ்சில் பார்வையற்றவர் தனியாளாக இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரியும் அவரும் அங்கே சமம். இருவருக்கும் காதுதான் கண்.

ஊர் எழுத்தறிவு பெறப் பெற அந்தச் சமநிலை குலைந்தது. எல்லோரும் தாமே படிக்கத் தொடங்கியதும் உரக்கப் படிப்பவர் இல்லாமல் போனார். பெஞ்சில் எல்லோரும் பேப்பரைப் பங்குபோட்டுக்கொண்டு மௌனமாகப் படிக்க, பார்வையற்றவர் மட்டும் யாராவது வாய் திறப்பார்களா என்று காத்திருக்க வேண்டியதாயிற்று. கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

தானாகப் படிக்கும் வழி, கடம்பூரிலிருந்து ரயிலேறினால் போய்விடக்கூடிய தூரத்தில் வெகு முன்பே திறந்துவிட்டது. இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887-இல் அமிர்தசரஸில் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1890-இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் என்ற ஆங்கிலேய மிஷனரி ஒரு பள்ளியைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் தென்கோடியில், விரல் நுனியால் தமிழ் படிக்கும் பிள்ளைகள் உருவானார்கள். நெல்லைச் சீமையின் கிராமங்களில் கோயில் வாசலும் வீட்டுத் திண்ணையுமே கதி என்றிருந்த பிள்ளைகளுக்குப் பிரெய்லும் கைத்தொழிலும் கிடைத்தன.

ஆனால் எந்தப் பிரெய்ல்? ஆறு புள்ளிகளை எந்த எழுத்துக்கு எப்படிப் பங்கிடுவது என்று ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு மிஷனும் தம் விருப்பப்படி முடிவு செய்தன. இந்தியாவில் ஒன்றோடொன்று பொருந்தாத பிரெய்ல் முறைகள் பல உருவாயின. ஓரிடத்தில் படித்தவர் இன்னோரிடத்தில் அச்சான புத்தகத்தைத் தொட்டால் வேறு எழுத்துகள் தட்டுப்பட்டன. ஏற்கெனவே அரிதான புத்தகங்கள் இதனால் இன்னும் அரிதாயின. இந்தக் குழப்பம் தீர சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யுனெஸ்கோவின் முயற்சியோடு 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'பாரதி பிரெய்ல்' ஏற்கப்பட்டது. அதே ஆண்டு டேராடூனில் மத்திய பிரெய்ல் அச்சகம் தொடங்கியது.

பாரதி பிரெய்லின் ஓர் இயல்பை இங்கே கவனித்து வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் உதவும். 'கோவில்பட்டி' என்பதில் வரும் 'கோ'வை அச்சில் எப்படி எழுதுகிறோம்? முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். உயிரொலியின் அடையாளம் மெய்க்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. பிரெய்லில் அப்படி இல்லை. முதலில் 'க', அடுத்து 'ஓ'. வாய் எந்த வரிசையில் சொல்கிறதோ அந்த வரிசையில் புள்ளிகள் வருகின்றன. கண்ணுக்கான எழுத்து தோற்றத்தின் வரிசையில் அமைந்தது. விரலுக்கான எழுத்து ஒலியின் வரிசையில் அமைந்தது.

பிரெய்ல் புத்தகம் தடிமனானது. கையடக்கமான ஒரு நாவல் பிரெய்லில் பல பெரிய தொகுதிகளாகிவிடும். அன்றாடப் பேப்பர் பிரெய்லில் வர வாய்ப்பே இல்லை. அந்த இடத்தை வானொலி நிரப்பியது. 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. தில்லியிலிருந்து ஒலித்த சரோஜ் நாராயணசுவாமியின் செய்திக் குரலைத் தமிழ்நாட்டில் அடையாளம் தெரியாதவர் இல்லை. பார்வையற்றவர்களுக்கு அந்தக் குரல் பேப்பரே. ஆனால் வானொலியில் பக்கத்தைப் புரட்ட முடியாது. வேண்டாத செய்தியைத் தாண்ட முடியாது. நேற்றைய செய்தியைத் திரும்பக் கேட்க முடியாது. வரன் தேடும் விளம்பரத்தையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் வானொலி வாசிப்பதில்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. மாணவர்களுக்கு மலிவாகக் கிடைத்த ஷெல் கணக்கில் படம் வராது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். அதில் வலைப்பக்கம் பார்க்கப் பயன்பட்டது லின்க்ஸ் என்ற உலாவி. 1992-இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. பார்வையுள்ளவர்கள் வசதி இல்லாததால் சகித்துக்கொண்ட அந்த உலாவியை, உலகெங்கும் பார்வையற்றவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். படம் இல்லாத பக்கத்தில் வாசிக்க இடையூறும் இல்லை. வலையைக் காதால் படிப்பவருக்குக் கிடைத்த முதல் நல்ல உலாவிகளில் ஒன்று, பார்வையற்றவர்களுக்காக என்று செய்யப்படாத இந்த எளிய நிரல்.

அவர்களுக்காகவே செய்யப்பட்டதும் சீக்கிரம் வந்தது. ஜப்பானின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சியேகோ அசகாவா பதினோரு வயதில் நீச்சல் குளத்தில் அடிபட்டு, பதினான்கு வயதில் பார்வையை முழுதும் இழந்தவர். 1997-இல் அவர் உருவாக்கி வெளியான 'ஹோம் பேஜ் ரீடர்' வலைப்பக்கத்தை வாசித்துக் காட்டியது. சாதாரண எழுத்தை ஆண் குரலிலும் இணைப்புகளைப் பெண் குரலிலும் சொன்னது. எது செய்தி, எது சொடுக்க வேண்டியது என்பது குரல் மாறும்போதே தெரிந்தது. பார்வை இழந்த ஒருவரால் மட்டுமே யோசித்திருக்கக்கூடிய தீர்வு இது என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்தியாவில் நிலைத்தது அமெரிக்காவின் ஜாஸ் என்ற திரை வாசிப்பான். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978-இல் கார் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் உருவாக்கியது. டாஸ் கணினிகளுக்கு 1989-இல், விண்டோஸுக்கு 1995-இல் வந்தது. ஜாஸும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஜோடியாயின. அதற்குக் காரணம் உண்டு. திரை வாசிப்பான் திரையை உண்மையில் 'பார்ப்பதில்லை'. உலாவி தன்னிடமுள்ள பக்கத்தை, இது தலைப்பு, இது இணைப்பு, இது நிரப்ப வேண்டிய கட்டம் என்று பிரித்துத் திரை வாசிப்பானிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு மைக்ரோசாப்ட் 1997-இல் ஒரு பொது வழியை ஏற்படுத்தியது. எக்ஸ்புளோரர் அதில் பேசியது. ஜாஸ் அதைக் கேட்டது. பக்கம் முழுவதையும் ஜாஸ் தன் நினைவில் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, அம்புக்குறி விசையால் வரிவரியாக நடக்கவும் 'எச்' விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவவும் வழி செய்தது. வானொலியில் முடியாத பக்கம் புரட்டல் இப்போது விரலுக்கு வந்தது.

எனவே நல்ல உலாவி என்று தனியாக எதுவும் இல்லை. திரை வாசிப்பானோடு ஒத்துப்போகிற உலாவி என்றுதான் உண்டு. வண்டிமாடு இரண்டும் ஒரே நடை நடக்க வேண்டும் என்பதைக் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விலைதான் எட்டவில்லை. ஜாஸ் அப்போது ஏறத்தாழ ஆயிரம் டாலர். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் குடும்பத்தில் அந்தத் தொகையை வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது. காசு கொடுக்காதவர்களுக்கு ஜாஸ் நாற்பது நிமிடம் இலவசமாக ஓடும். பிறகு கணினியை அணைத்து மறுபடி இயக்க வேண்டும். இந்திய நகரங்களில் ஒரு தலைமுறைப் பார்வையற்ற மாணவர்கள் இணையத்தை நாற்பது நாற்பது நிமிடத் துண்டுகளாகத்தான் அறிந்தார்கள். பாதி நிரப்பிய விண்ணப்பம், பாதி படித்த பாடம், மறுபடியும் முதலிலிருந்து.

இதெல்லாம் ஆங்கிலத்துக்கு. தமிழின் கதை வேறு.

1990-களின் பிற்பகுதியில் தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் வலைக்கு வந்தன. ஆளுக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் தமிழ் வேடம் போட்டவை. ஈழத் தமிழர்களிடம் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளலாம். அதில் 'தமிழ்' என்று திரையில் அழகாகத் தெரியும். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கண்ணுக்கு அது தமிழ். திரை வாசிப்பானிடம் கொடுத்தால் அது தன் கையில் வந்ததை நேர்மையாக வாசிக்கும்: ஜே கே பி ஓ. ஒரு கட்டுரை முழுவதும் இப்படி. அடுத்த பத்திரிகைக்குப் போனால் வேறு வேடம், வேறு உளறல். பிரெய்லில் 1951-இல் தீர்ந்த அதே நோய், அரை நூற்றாண்டு கழித்துத் தமிழுக்கு மறுபடி வந்திருந்தது. ஓரிடத்தில் எழுதியதை இன்னோரிடத்தில் படிக்க முடியாத நோய்.

எழுத்துருவை வாசகரின் கணினியில் தானாக இறக்கும் நுட்பத்திலும் உலாவிகள் பிரிந்து நின்றன. நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகைக் கோப்பு, எக்ஸ்புளோரருக்கு இன்னொரு வகை. பல தமிழ்த் தளங்கள் எக்ஸ்புளோரரையே கருதிச் செய்யப்பட்டன. 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் வந்தபோது அதில் அந்தத் தளங்கள் கண்ணுக்கும் உளறலாகவே தெரிந்தன. பார்வையுள்ள தமிழர்கள் அப்போதுதான், பார்வையற்றவர்கள் அதுவரை கேட்டுவந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். தீர்வு தேடியவர்கள் பலர். ஈழத்தைச் சேர்ந்த சுரதா உருவாக்கிய எழுத்துரு மாற்றியில் பத்தியை ஒட்டினால் எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யுனிகோடாகத் திருப்பித் தரும். தெலுங்குக்காக நாகார்ஜுன வென்னா தொடங்கிய 'பத்மா' என்ற பயர்பாக்ஸ் நீட்சி, வேறு இந்திய மொழிகளுக்கும் விரிந்து, பக்கத்தை வாசிக்கும் முன்பே யுனிகோடாக மாற்றித் தந்தது. பல எழுத்துருக்களில் கிடந்த பழைய கோப்புகளுக்கு என்எச்எம் கன்வெர்ட்டர் உதவியது.

யுனிகோடில் தமிழுக்கு 1990-களின் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வீடுகளில் இருந்த கணினிகளில் அது வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000-க்கும் எக்ஸ்பிக்கும் பிறகே. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் தமிழக அரசு விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியாக்கங்களையும் தரப்படுத்த முனைந்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற வேறொரு குறியாக்கத்தில் நின்றார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை முதலில் டிஸ்கியில் ஏற்றி, பிறகு யுனிகோடுக்கு மாற்றியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் யுனிகோடிலேயே பிறந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யுனிகோடைத் தன் தரமாக ஏற்று ஆணையிட்டது.

யுனிகோடில் 'கோவில்பட்டி'யின் 'கோ' எப்படிச் சேமிக்கப்படுகிறது? முதலில் 'க', அடுத்து 'ஓ'வின் அடையாளம். பாரதி பிரெய்லின் வரிசை. திரையில் கொம்பும் காலும் பிரிந்து தெரிவது கண்ணுக்காகச் செய்யப்படும் ஒப்பனை. உள்ளே இருப்பது ஒலியின் வரிசை. எழுத்துருச் சண்டைகளைப் பற்றி எழுதியவர்கள் அச்சுத் தொழிலையும் தட்டச்சு வேகத்தையும் பற்றி நிறைய எழுதினார்கள். ஒலி வரிசையில் சேமித்த எழுத்தை இயந்திரம் நேராகப் பேசிவிடும் என்பதைப் பற்றிய பேச்சு குறைவாகவே நடந்தது. பேசவேண்டியவர்கள் அந்த அறையில் அதிகம் இல்லை.

இருந்தவர்கள் சிலர் உண்டு. யுனிகோடு பரவும் முன்பே சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஆர். கல்யாண கிருஷ்ணன் இந்திய மொழிகளுக்கான 'ஆச்சார்யா' மென்பொருளை உருவாக்கி, அசைகளையே அலகாகக் கொண்டு, தட்டியதைப் பேசும் உரைத் தொகுப்பியைத் தந்தார். சென்னையின் வித்யா விருக்ஷா அமைப்பு அதைக் கொண்டு பார்வையற்றோருக்குக் கணினி கற்றுக்கொடுத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வுக்கூடம் தமிழ்க் குரலை உருவாக்கியது. பிறகு சென்னை ஐஐடியின் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து, இந்திய மொழிக் குரல்களைத் திரை வாசிப்பான்களோடு இணைத்தன.

பிரிட்டனின் ஜொனாதன் டடிங்டன் உருவாக்கிய இஸ்பீக் என்ற சிறிய பேச்சொலி இயந்திரத்திலும் தமிழ் சேர்ந்தது. உலர்ந்த குரல், கேட்கக் கேட்கத்தான் பழகும். ஆனால் இலவசம், வேகம், மிகச் சிறிய கோப்பு. சொல்லின் தொடக்கத்தில் 'க' வல்லொலி, உயிர்களுக்கு நடுவே 'ட' மெல்லொலி, 'ம்' அடுத்து 'ப' இன்னொன்று என்ற விதிகள் அதற்கு எழுதப்பட்டன. ஆங்கிலத்தில் இப்படி விதி எழுதி முடிக்க இயலாது. ஒவ்வொரு சொல்லுக்கும் விலக்கு. தமிழுக்கு விதி போதும். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சை அப்படியே எழுத்தில் இறக்கியபோது இலக்கண ஆசிரியர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். 'வருசம்', 'கடுதாசி' என்று அவர் எழுதிய சொற்களில் இயந்திரத்துக்கு எந்தச் சிக்கலும் இல்லை. எழுதியபடி ஒலிக்கும்.

இந்தக் குரலை உலாவியோடு இணைத்தது ஆஸ்திரேலியாவில் பிறந்த என்விடிஏ என்ற திரை வாசிப்பான். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்தார். சிறு வயதில் இசை முகாம் ஒன்றில் சந்தித்த நண்பர்கள். ஒரு விண்டோஸ் கணினியை வாங்கும் பார்வையற்றவர், அதைப் படிக்க இன்னொரு கணினியின் விலையைக் கொடுக்க வேண்டியது அநியாயம் என்பது அவர்கள் எண்ணம். என்விடிஏ முழுக்க இலவசம், திறந்த மூலம். நாற்பது நிமிடக் கெடு இல்லை. பென்டிரைவில் போட்டு எடுத்துச் செல்லலாம்.

பென்டிரைவ் என்பது சின்னச் செய்தியாகத் தோன்றலாம். கோவில்பட்டி போன்ற ஊர்களில் இணையம் என்றால் பிரவுசிங் சென்டர். பரீட்சை முடிவு, தேர்வாணைய விண்ணப்பம், கல்லூரி விண்ணப்பம் எல்லாமே அங்கேதான். சென்டர் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். என்விடிஏவையும், நிறுவாமலே ஓடும் பயர்பாக்ஸையும் ஒரே பென்டிரைவில் வைத்துக்கொண்டு போகிறவர், செருகி, இயர்போனை மாட்டி, தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பலாம். சென்டர்க்காரரிடம் கடவுச்சொல்லை உரக்கச் சொல்ல வேண்டாம்.

பயர்பாக்ஸ் ஏன்? 2005-இல் வந்த அதன் 1.5 பதிப்புக்கு ஐபிஎம், பார்வையற்றோருக்கான நிரல்களைத் தந்திருந்தது. பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா, என்விடிஏவின் ஆரம்ப வளர்ச்சிக்குப் பணம் கொடுத்தது. இரண்டும் திறந்த மூலம்; ஒருவர் பிழையை இன்னொருவர் திறந்து பார்க்க முடிந்தது. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2017-இல் திரை வாசிப்பான் பயனாளர்களிடம் கேட்டபோது 41 சதவீதம் பேருக்குப் பயர்பாக்ஸ்தான் முதன்மை உலாவி. பதிலளித்தவர்களில் பெரும்பாலோர் வட அமெரிக்கர்கள். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று அது காட்டுகிறது.

அதே ஆண்டு நவம்பரில் காற்று திரும்பியது. பயர்பாக்ஸ் குவான்டம் என்ற பெயரில் உலாவியின் உள்கட்டமைப்பு மாறியது. கண்ணால் பார்ப்பவர்களுக்கு வேகம் கூடிற்று. திரை வாசிப்பானுக்குப் பக்கங்கள் மெதுவாயின. சிலவற்றில் நின்றே போயின. மொசில்லாவிலேயே வேலை பார்த்த பார்வையற்ற பொறியாளர் மார்கோ ஸேஹே, ஜாஸ் பயனாளர்கள் இப்போதைக்குப் பழைய நீண்டகாலப் பதிப்பிலேயே இருங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். 2019-இல் வெப்எய்ம் மறுபடி கேட்டபோது குரோம் 44 சதவீதத்தோடு முன்னால் போய்விட்டது. 2008-இல் பிறந்தபோது திரை வாசிப்பான்களோடு பேசவே தெரியாத உலாவி அது. ஜேம்ஸ் டே பின்னர் மொசில்லாவுக்குப் போய், அந்தப் பகுதியைப் புதிதாகக் கட்டும் வேலையில் முன்னின்றார். 2023 மே மாதம் 113-ஆம் பதிப்பில் அது எல்லோருக்கும் வந்தது. எக்ஸ்புளோரரை மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15 அன்று ஓய்வுக்கு அனுப்பியது. அதை நம்பி மனப்பாடம் செய்த விசைகளோடு பலர் எட்ஜுக்கு மாறினார்கள்.

பார்வையுள்ளவர் உலாவி மாற்றினால் பொத்தான் இடம் மாறும். ஒரு வாரத்தில் பழகிவிடும். காதால் படிப்பவர் மாற்றினால், எந்த விசைக்கு என்ன சொல்லும், எங்கே மௌனமாகும், மௌனம் என்றால் பக்கம் முடிந்ததா உலாவி உறைந்ததா என்பது வரை புதிதாகக் கற்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதியன்று அந்த மௌனம் வந்தால் ஓர் ஆண்டு போகும்.

2016 செப்டம்பரில் ஜியோவின் மலிவான கைபேசி இணையம் வந்தபின், இந்தக் கதையின் பெரும்பகுதி கைபேசிக்கு இடம்பெயர்ந்தது. ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரை வாசிப்பான் 2009-இலிருந்தே உண்டு. தனியாக வாங்க வேண்டியதில்லை. டாக்பேக்குக்கு ஜோடி குரோம். ஐபோனில் வாய்ஸ்ஓவருக்கு சஃபாரி. மைக்ரோசாப்ட் தன் தமிழ்க் குரலுக்கு 'வள்ளுவர்' என்று பெயர் வைத்தது. ஆப்பிள் தன் குரலை 'வாணி' என்றது. ஒரு காலத்தில் சரோஜ் நாராயணசுவாமிக்காகக் காத்திருந்த காதுகள் இப்போது குரலையும் வேகத்தையும் தாமே தீர்மானிக்கின்றன. பழகியவர்கள் வைக்கும் வேகத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் புரியாது.

ஆனாலும் மனிதர் வாசித்துக் காட்டும் வழக்கம் மறைந்துவிடவில்லை. சென்னையின் பெனோ ஜெஃபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த, முழுதும் பார்வையற்ற முதல் அதிகாரி; ஜாஸ் துணையோடு படித்ததைச் சொல்லியிருக்கிறார். மதுரையின் பூரண சுந்தரி 2019-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் 286-ஆம் இடம் பெற்றார். பெற்றோர் அவருக்குப் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினார்கள். டீக்கடைப் பெஞ்சும் திரை வாசிப்பானும் ஒரே காலத்தில் உயிரோடு இருக்கின்றன. 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. கோவில்பட்டியிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பலாம்.

எந்த ஜோடியாலும் திறக்க முடியாத கதவுகள் இன்னும் இருக்கின்றன. கடம்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் எடுப்பது வாயால் முடிகிற காரியம். கவுன்டரில் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும். இணையத்தில் பல தளங்கள், கோணல்மாணலான எழுத்தைப் படமாகக் காட்டி, இதைப் பார்த்துத் தட்டு என்கின்றன. அப்படிக் கோணலாக்கிய படத்தை உலாவியால் எழுத்தாகத் திரை வாசிப்பானிடம் ஒப்படைக்க முடியாது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இணைய அணுகலை அரசின் கடமையாக்கியது. வங்கிக் கணக்குக்கு அடையாளம் காட்டக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் முறையை எதிர்த்து, அமிலத் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் அணுகல் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கண் சிமிட்ட முடியாதவரிடம் கண் சிமிட்டக் கேட்கும் வடிவமைப்பு யாருடைய மேஜையிலும் தடைபடாமல் வெளியே வந்தது என்பதே யோசிக்க வைக்கிறது.

தமிழ்ப் பக்கம் ஒன்று ஒழுங்காகப் பேசுவதற்கு, அதைச் செய்தவர் 'இது தமிழ்' என்று நிரலில் ஒரே ஒரு குறிப்பு எழுதினால் போதும். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் திரை வாசிப்பான் ஆங்கிலக் குரலிலிருந்து தமிழ்க் குரலுக்கு மாறும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ்ப் பத்தியை மௌனமாகக் கடக்கும், அல்லது எழுத்தின் எண்ணை ஒப்பிக்கும். இன்றும் பல தமிழ்த் தளங்கள் தம்மை ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டு தமிழில் எழுதுகின்றன. உலாவியை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் இந்த ஒரு சொல்லை வாசகரால் எழுத முடியாது.

வாசகரால் எழுத முடிவது என்விடிஏவின் உச்சரிப்பு அகராதியை. தவறாக ஒலிக்கும் சொல்லை ஒருபுறமும், அதை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை மறுபுறமும் தட்டி வைக்கலாம். விதிப்படி பேசும் இயந்திரத்தில் 'பஸ்' என்பது 'பல்'லின் தொடக்கத்தோடு ஒலிக்கும். முதலெழுத்து வல்லொலி என்றுதானே அதற்குச் சொல்லிக்கொடுத்தோம். 'பேங்க்', 'டீசல்', 'கேஸ் சிலிண்டர்' எல்லாவற்றிலும் இதே தகராறு. அந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் மறுபுறம் தட்டி, ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்கிறார்கள். கடம்பூருக்கு அந்த அகராதியில் வரி வேண்டியிருக்கவில்லை.